பிடித்தம்

சந்தைக்குச் சாதி தெரியாது என்றொரு பேச்சு இப்போது நம்ம பசங்க மத்தியிலும் உலவுகிறது. செல்போனில் படம் பிடித்துப் போட்டால் போதுமாம். வாங்குகிறவன் டில்லியில் இருப்பான், அவனுக்கு உன் தெருவும் தெரியாது, உன் அப்பன் பேரும் தெரியாது. கடைவீதியில் எவன் திண்ணை ஓரத்திலும் நிற்க வேண்டாம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன்: கணக்கு நோட்டு எவன் கையில் இருக்கிறது?

ஆரணிக்காரனுக்கு இந்தக் கேள்வி புதிசு இல்லை. சேவூரானாலும் தேவிகாபுரமானாலும் கூலி நெசவின் கதை ஒன்றுதான். பாவு, ஊடை, சரிகை எல்லாம் முதலாளி கொடுப்பார். சேலையை முடித்துக்கொண்டு போனால் முன்பணத்துக்கு ஒரு பிடித்தம், இழை விட்டிருந்தால் ஒரு பிடித்தம், பட்டு எடை குறைந்தால் ஒரு பிடித்தம். எடை போடுகிறவரும் அவரே, பழுது பார்க்கிறவரும் அவரே, நோட்டில் எழுதுகிறவரும் அவரே. நெசவாளிக்குத் தெரிவது கைக்கு வரும் மீதித் துட்டு மட்டும். 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது, கடன் செல்லாது என்றது. நோட்டை முதலாளியிடமிருந்து வாங்கி நெசவாளியிடமும் ஒரு பிரதி கொடு என்று எவனும் சொல்லவில்லை. நெசவும் நமக்கு நேற்று வந்த தொழில் இல்லை. நெசவையே தொழிலாகக் கொண்ட கோலியர் தமிழகப் பட்டியல் சாதிகளில் ஒருவர். தறி நமதாக இருந்தபோதும் நோட்டு நமதாக இருந்ததில்லை.

இப்போது நோட்டு கண்ணாடித் திரைக்குள் போயிருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலனிப் பையன் ஒருவன் 5000 ரூபாய்ச் சேலை ஒன்றை இணையச் சந்தையில் விற்கிறான் என்று வையுங்கள். கமிஷன் 600, நிலைக்கட்டணம் 50, அனுப்புகூலி 150, ஆக 800. அந்த 800க்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், 144. விற்பனையில் அரை சதவீதம் வரியாகப் பிடிப்பது (2018 அக்டோபர் முதல் ஒரு சதவீதமாக இருந்தது, 2024 ஜூலையில் பாதியானது) 25 ரூபாய். மீதி 4031. இதுவரைக்கும் சரி, தெரிந்தே போனோம். மறுவாரம் பொட்டலத்தின் எடை கூடுதல் என்று ஒரு பிடித்தம் வருகிறது. எடை போட்டது யார்? அவர்கள் கிடங்குத் தராசு. வாங்கினவன் உடுத்திப் பார்த்துவிட்டு மஞ்சள் கறையோடு திருப்பி அனுப்புகிறான். திரும்பி வந்த கூலியும் பையன் தலையில். கறை யார் வைத்தது என்று முடிவு சொல்வது யார்? அவர்களே. மறுப்பு எழுதினால் 'தங்கள் புகார் பரிசீலிக்கப்பட்டு முடிக்கப்பட்டது' என்று இயந்திரம் பதில் சொல்லும். எடை, பழுது, தீர்ப்பு மூன்றும் ஒரே கையில். இது எந்த ஊர் நோட்டு என்று உங்களுக்குத் தெரியாதா?

நான் வங்கியில் குமாஸ்தா. வங்கிகளின் யோக்கியதை எனக்குத் தெரியும், அதற்கு வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2017 ஜூலை 6இல் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. வாடிக்கையாளர் அனுமதி இல்லாமல் மின்னணு வழியில் கணக்கிலிருந்து பணம் போனால், தப்பு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கியுடையது. புகார் வந்த பத்து வேலைநாளுக்குள் அந்தத் தொகையை முதலில் கணக்கில் வரவு வைக்க வேண்டும், விசாரணை பிறகு. இந்த ஒரே விதிதான் பாஸ்புக்குக்கும் முதலாளி நோட்டுக்கும் உள்ள வித்தியாசம். பணத்தை எடுத்தவன் கணக்குக் காட்டணும். இணையச் சந்தையில் தலைகீழ்: எடுத்தவன் சும்மா இருப்பான், இழந்தவன் ஆதாரம் தேடி அலைவான்.

சரி, சட்டத்துக்குப் போகலாமே என்பார்கள். போய்ப் பாருங்கள். சிறுதொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டம், வாங்கினவன் 45 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி என்கிறது. நல்ல சட்டம். ஆனால் இணையச் சந்தை சொல்லும்: 'நான் வாங்கினவன் இல்லை, இடையில் நிற்கிறவன்.' 1986இல் பிரஜோ நாத் கங்குலி வழக்கில் உச்சநீதிமன்றம், எளியவன் கழுத்தில் வலியவன் மாட்டும் மனசாட்சியற்ற ஒப்பந்தம் செல்லாது என்றது. அதே தீர்ப்பில், இரண்டு தரப்பும் வணிகர்களாக இருந்தால் இது பொருந்தாமல் போகலாம் என்றும் எழுதியது. உலகத்தையே கட்டி வைத்திருக்கிற கம்பெனியும் வணிகர், இரண்டு தறிக்காரனும் வணிகர்! ஆளுக்கொரு ஓட்டு மாதிரி ஆளுக்கொரு சமத்துவம். அதையும் தாண்டினால் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் நிற்கிறது, வழக்கு டில்லியிலோ பெங்களூரிலோதான் என்று. முன்னூறு ரூபாய்ப் பிடித்தத்துக்கு எவன் டில்லிக்கு ரயில் ஏறுவான்?

எதிர்த்தவர்கள் இல்லாமல் இல்லை. 2016 ஜூனில் ஃபிளிப்கார்ட் கமிஷனையும் சரக்குத் திரும்பும் விதிகளையும் மாற்றியபோது விற்பனையாளர்கள் கொதித்தார்கள். பிறகு அகில இந்திய இணைய விற்பனையாளர் சங்கம் ஃபிளிப்கார்ட் மீது போட்டி ஆணையத்துக்குப் போனது. 2018 நவம்பரில் ஆணையம் வழக்கை மூடியது. 2020 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த முடிவை ரத்துசெய்து விசாரிக்கச் சொன்னது. ஃபிளிப்கார்ட் உச்சநீதிமன்றம் போனது. டில்லி வணிகர்கள் கொடுத்த இன்னொரு புகாரில் 2020 ஜனவரியில் அமேசான், ஃபிளிப்கார்ட் இரண்டின் மீதும் விசாரணைக்கு உத்தரவு. அடுத்த மாதமே கர்நாடக உயர்நீதிமன்றத்தில் தடை. தடை நீங்கி, 2021 ஆகஸ்டில் உச்சநீதிமன்றமும் தலையிட மறுத்த பிறகுதான் விசாரணை நகர்ந்தது. வேண்டிய சில விற்பனையாளர்களுக்குச் சலுகை காட்டினார்கள் என்று விசாரணை அறிக்கை சொன்னதாக 2024இல் செய்தி வந்தது. உடனே பல உயர்நீதிமன்றங்களில் புதுப்புது மனுக்கள். 2025 ஜனவரியில் அவற்றை எல்லாம் உச்சநீதிமன்றம் கர்நாடகத்துக்கு அனுப்பியது. இவ்வளவும் யாருக்கு முன்னுரிமை என்கிற பெரிய வழக்கு. காலனிப் பையனின் எடைப் பிடித்தத்துக்கு இதில் ஒரு வரி கிடையாது.

அந்த முன்னுரிமை எப்படிப்பட்டது? அமேசானின் உள் ஆவணங்களைப் பார்த்து 2021இல் ராய்ட்டர்ஸ் எழுதியது: 2019 தொடக்கத்தில் இந்தியாவில் நான்கு லட்சத்துக்கு மேல் விற்பனையாளர்கள், அதில் வெறும் 35 பேர் கையில் மூன்றில் இரண்டு பங்கு விற்பனை. ஊர்த் தெருவும் சேரியும் அங்கேயும் இருக்கிறது, தோழர்களே!

இங்கே ஒரு முணுமுணுப்பு கேட்கிறது. வியாபாரி பிரச்சினை நமக்கு எதுக்கு, கூலிக்காரன் பிரச்சினையைப் பேசு என்று. இரண்டு பதில் இருக்கிறது.

முதலாவது, பிடித்தம் மேலே நிற்காது, கீழே இறங்கும். கம்பெனி முதலாளியிடம் பிடித்தால் முதலாளி நெசவாளியிடம் பிடிப்பான். நெசவாளிக்குக் கீழே தறிக்குழிதான். நம்ம ஆள் விற்பனையாளன் ஆனால் அவனுக்கு இன்னும் கெடு. 'வேலை கேட்காதே, வேலை கொடு' என்று 2005இல் தொடங்கிய தலித் வணிகர் அமைப்பு சொன்னது. 2016 ஏப்ரலில் ஸ்டாண்ட்-அப் இந்தியா வந்தது, கிளைக்கு ஒரு தலித் அல்லது பழங்குடிக்காவது பத்து லட்சம் முதல் ஒரு கோடி வரை கடன் கொடு என்றது. கடன் வாங்கினவனின் விற்ற பணத்தைக் கம்பெனி நிறுத்தி வைக்கலாம். தவணைத் தேதி நிற்காது. 90 நாள் தாண்டினால் வாராக்கடன். மேல்சாதி வியாபாரிக்கு அந்த 90 நாளைத் தாண்ட மாமன் மச்சான் கடை இருக்கிறது, சாதிச் சங்கம் இருக்கிறது. 1973இலிருந்து ஆரணிக் கடைத்தெருவை ஆராய்ந்த பார்பரா ஹாரிஸ்-ஒயிட் தன் நூல்களில் காட்டியது இதைத்தான்: இந்த நாட்டுச் சந்தையை நடத்துவதில் அரசுச் சட்டத்தைவிடச் சாதிக்கு வேலை அதிகம். நமக்கு மாமன் கடை ஏது?

இரண்டாவது, இடையில் நிற்கிறவனை எதிர்ப்பது நமக்கு அண்ணல் காட்டிய வழி. கொங்கணத்தில் கோத் என்பவனும் இடையில் நின்றவன்தான். அரசுக்கும் உழவனுக்கும் நடுவில் நின்று வரி வசூலித்தவன், எவ்வளவு வசூலிப்பது என்பதையும் தானே முடிவு செய்தவன். 1937இல் அதை ஒழிக்கப் பம்பாய் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார் அம்பேத்கர். 1938 ஜனவரியில் உழவர்கள் பம்பாயில் ஊர்வலம் போனார்கள். சட்டம் வந்தது 1949இல். அன்றைக்கு அவர், கோத் நல்லவனா கெட்டவனா என்று கேட்டுக்கொண்டு இருக்கவில்லை. அவன் கையிலிருந்த அதிகாரத்தைக் கேட்டார்.

நாமும் அதைத்தான் கேட்க வேண்டும். 2019 ஜூலையில் ஜெர்மனியின் போட்டித் துறை அழுத்திய பிறகு அமேசான் தன் ஒப்பந்தத்தை மாற்றியது. காரணம் சொல்லி முப்பது நாள் அவகாசம் கொடுக்காமல் விற்பனையாளரை வெளியேற்றுவது நின்றது, திருப்பிக் கொடுத்த பணத்தை மறுத்துப் பேசவும் வழி வந்தது. 2020 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறைக்கு வந்த விதி, விற்பனையாளர் சங்கமே சேர்ந்து வழக்குப் போடலாம் என்றது. அங்கே முடிகிறது என்றால் இங்கே ஏன் முடியாது? அங்கே கேட்டவனிடம் பெயர் இருந்தது, இங்கே கேட்கிறவனிடம் தெரு இருக்கிறது!

கேட்பது நான்கு. பிடித்தம் சரி என்று நிரூபிக்கும் வேலை பிடித்தவனுக்கு. நிரூபிக்கும் வரை பணம் விற்றவன் கணக்கில். வழக்கு விற்றவன் ஊர் நீதிமன்றத்தில், அதாவது நம்ம ஆரணியில். தனி ஆளுக்காகச் சங்கம் வழக்காட உரிமை.

இதையே நம்ம ஊர் முதலாளி நோட்டுக்கும் சேர்த்துக் கேட்போம். கம்பெனியிடம் கணக்குக் கேட்டுவிட்டு, தறிக்காரனுக்குக் கணக்குக் காட்டாதவனோடு கை கோர்த்துக்கொண்டு நிற்க முடியாது. நோட்டைத் திறந்து வை. எழுதினதைப் படித்துக் காட்டு. பிறகு பேசலாம் சந்தைக்குச் சாதி உண்டா இல்லையா என்று.