கடலுக்குள்ள காத்தாடி: என் ஓட்டு சின்னப் பெட்டிக்கே!

பொட்டி தட்டுற பயலுக்குக் காத்தாடியில என்ன வேலைன்னு கேக்காதீங்க மக்களே. படிச்சது எலெக்ட்ரிகல், தட்டுறது ஜாவா. பழைய காதல் விடமாட்டேங்குது :)

காத்து ஒரே வேகத்துல அடிக்காது. கிரிட்டுக்கோ பிசகாத 50 ஹெர்ட்ஸ் வேணும். நடுவுல ஏசியை டிசியாக்கி, மறுபடி ஏசியாக்கித் தள்ளுறதுதான் கன்வெர்ட்டர். இதுல ரெண்டு கட்சி. ரோட்டருக்கு மட்டும் மாட்டினா ஏறக்குறைய 30 சதவீத மின்சாரம்தான் அது வழியா போகும்; விலை குறைவு, ஆனா ஸ்லிப் ரிங், கார்பன் பிரஷ்னு தேயுற சமாச்சாரம் உண்டு. டென்மார்க்கின் ஹார்ன்ஸ் ரெவ்வில் 2002-ல் நிறுவிய 80 காத்தாடிகளும் இந்த ரகம். இன்னொரு கட்சி, நிரந்தரக் காந்த ஜெனரேட்டர் வச்சு முழு மின்சாரத்தையும் கன்வெர்ட்டர் வழியாவே அனுப்பும். இப்ப வர்ற பெரிய கடல் காத்தாடிகள்ல பெரும்பாலும் இதுதான்.

அதோட முடிஞ்சுதான்னா இல்லை. ஸ்ட்ராத்கிளைடு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் நிலத்துக் காத்தாடிகளை ஒப்பிட்டப்போ, முழு கன்வெர்ட்டர் சின்னதை விடப் பல மடங்கு அதிகமா பழுதாகியிருந்தது. நிலத்துலன்னா ஜீப்புல போயிடலாம். வட கடல்ல அலை ஒன்றரை மீட்டரைத் தாண்டினா, சாதாரணப் படகுல இருந்து கோபுரத்துக்கு ஆள் தாவுறது உயிரோட விளையாட்டு. காத்து நல்லா அடிக்கிற குளிர்காலத்துலதான் அலையும் ஜாஸ்தி. சம்பாதிக்கிற சீசன்ல கடை பூட்டிக் கிடக்கும்.

அதனால என் ஓட்டு ஒரே பெரிய பெட்டிக்கு இல்லை, இணையா சேர்த்த நாலு சின்னப் பெட்டிகளுக்கு. ஒண்ணு போனாலும் அதைக் கழட்டி விட்டுட்டு மிச்ச மூணுல முக்கால் பங்கு ஓட்டலாம், படகு வர்ற வரைக்கும். நம்ம சர்வர் ரூம் வித்தைதான். பார்ட்ஸ் கூடினா பழுதும் கூடுமேம்பீங்க. கூடும்தான். ஆனா எத்தனை தடவை பழுதாச்சுங்கறது இல்ல, எத்தனை நாள் மொத்தமா நின்னுச்சுங்கறதுதான் கணக்கு.

எதிர்த்தரப்பும் லேசுப்பட்டது இல்லை. 8 மெகாவாட்டை 690 வோல்ட்ல கொண்டு போனா 6,700 ஆம்பியர் கிட்ட ஓடும், 3,300 வோல்ட்னா 1,400 போதும். கன்வெர்ட்டரையும் டிரான்ஸ்ஃபார்மரையும் உச்சியிலேயே வச்சுட்டா தடி கேபிள் கோபுரம் பூரா இறங்க வேணாம். உச்சியில எடை ஏறும், அது தண்டம்தான்.

கன்வெர்ட்டருக்குள்ள ஓயாம திறந்து மூடுற ஐஜிபிடி ஸ்விட்ச் சூடாகி ஆறி, சூடாகி ஆறியே சாகுதுன்னுதான் ரொம்ப நாளா நம்பிக்கை. ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் ஆய்வாளர்கள் முன்னின்று 2019-ல் வெளியிட்ட ஆய்வு, ஈரப்பதமும் உள்ளே நீர் கோர்க்கிறதும்தான் பெரிய வில்லன்னு கை காட்டுது. பெட்டியை எவ்வளவு இறுக்கமா மூடுறாங்க, காத்தாடி நிக்கும்போது உள்ள ஹீட்டர் ஓடுதா, இதைக் கேக்காம அரை சதவீதத் திறனுக்கு அடிச்சுக்கறது எனக்கு வேடிக்கையா இருக்கு.

2024-ல் மத்திய அரசு தமிழ்நாடு, குஜராத் கடலுக்குத் தலா 500 மெகாவாட் திட்டத்துக்கு நிதியுதவி ஒப்புதல் கொடுத்தது. மன்னார் வளைகுடாப் புழுக்கத்தை நினைச்சா, எப்ப டெண்டர் பேப்பர் கையில கிடைச்சாலும் அந்த ஹீட்டர் வரி இருக்கான்னுதான் முதல்ல தேடுவேன்.