பத்துக்குள் அடங்காத வலி

சூரமங்கலத்தில் இருக்கும் என் பெரியம்மாவைப் புற்றுநோய் சிகிச்சைக்காக அழைத்துச் சென்றிருந்தேன். “வலி எவ்வளவு? பூஜ்ஜியம் முதல் பத்துக்குள் ஓர் எண் சொல்லுங்கள்” என்று செவிலியர் கேட்டார். “தாங்கிக்கிறேன் கண்ணு” என்றார் பெரியம்மா. குறிப்பேட்டில் ‘4’ என்று பதிவாயிற்று. அன்றிரவு அவர் கண்மூடவே இல்லை.

காய்ச்சலுக்கு வெப்பமானி உண்டு. வலிக்கு நோயாளியின் சொல் மட்டுமே சான்று. அந்தச் சொல்லைச் சமூகமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. பொறுத்துப்போவதே பெருமை என வளர்க்கப்பட்ட பெண் வலியைக் குறைத்தே சொல்வார். ஒருநாள் கூலியை இழக்க முடியாத விசைத்தறித் தொழிலாளி முதுகுவலியைச் சொல்லவே மாட்டார். பேச இயலாமை வலியின்மைக்குச் சான்றாகாது என்று வலி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் 2020-இல் தன் வரையறையைத் திருத்தியபோது தெளிவுபடுத்தியது. நம் புறநோயாளிப் பிரிவுகளின் நெரிசலில் இதற்கு நேரம் இருப்பதில்லை.

சொன்ன வலிக்கும் மருந்து எளிதில் கிடைப்பதில்லை. கடும் புற்றுநோய் வலிக்கு மார்பின் தரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே வழிகாட்டியது. உரிமம் பெற்ற விவசாயிகள் அபினி பயிரிடும் நாடு இந்தியா. ஆயினும், 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கடும் தண்டனைகளுக்கும் பல அடுக்கு உரிமங்களுக்கும் அஞ்சி மருத்துவமனைகள் மார்பினைக் கைவிட்டன. கேரளத்தில் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால் போன்றோரின் நெடிய முயற்சிக்குப் பின் 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு உரிம நடைமுறை எளிதாயிற்று. அச்சம் மட்டும் அகலவில்லை. வலிநிவாரணிகளை வரைமுறையின்றி வழங்கிய அமெரிக்கா பட்ட பாட்டை நாம் மறக்கக் கூடாதுதான். அதற்காக, மரணப் படுக்கையில் இருப்பவருக்கும் மருந்தை மறுப்பது நியாயமாகாது.

தமிழ்நாட்டுக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீடு தேடிவரும் நோய் ஆதரவு சிகிச்சையும் அடங்கும். அப்படி வரும் பணியாளர் எண்ணோடு நிறுத்தாமல், “இரவு தூங்கினீர்களா? சோறு இறங்கியதா?” என்றும் கேட்க வேண்டும். குத்தலா, குடைச்சலா, எரிச்சலா என்று விசாரிக்க வேண்டும். எரிச்சலும் மதமதப்பும் நரம்பு வலியின் அறிகுறிகளாக இருக்கலாம், அதற்கு மருந்தே வேறு. அந்த விடைகள் மருத்துவரைச் சென்றடைய வேண்டும். மாவட்டத் தலைநகருக்கு அப்பாலுள்ள அரசு மருத்துவமனைகளிலும் மார்பின் இருப்பும், அதைக் கையாளப் பயிற்சி பெற்ற மருத்துவரும் இருப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும்.

பெரியம்மாவிடம் அன்று தூக்கத்தைப் பற்றி யாரேனும் கேட்டிருந்தால், அவர் உண்மையைச் சொல்லியிருப்பார்.