பந்தைக் கீழே விழவிடாத பெண்கள்

போன வாரம் ஒரு சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தேன். பரணில் எதையோ தேடப் போக, பள்ளிக்கூட நாளில் வாலிபால் ஆடி அவள் வாங்கிய கோப்பை ஒன்று அகப்பட்டது. "அடேயப்பா, நீயா!" என்றேன். "அதெல்லாம் அந்தக் காலம். கல்யாணம் ஆச்சு, ரெண்டு குழந்தையும் ஆச்சு. இனிமே எனக்கென்ன ஆட்டம் வேண்டிக்கிடக்கு?" என்று சொல்லி, புடவைத் தலைப்பால் அதைத் துடைத்து மறுபடியும் பரணிலேயே வைத்துவிட்டாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு ஜப்பானியப் பெண்கள் சிலரின் ஞாபகம்தான். அவர்கள் கதையை உங்களுக்கும் சொல்கிறேன், கேளுங்கள்.

ஒலிம்பிக் பந்தயங்களில் வாலிபால் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது 1964ல், டோக்கியோவில். பெண்கள் குழுவாகச் சேர்ந்து பந்தாடும் ஆட்டம் ஒன்று ஒலிம்பிக்கில் இடம்பெற்றதும் அதுவே முதல் தடவை. பெண்கள் பிரிவில் 6 நாடுகள் ஆடின.

ஜப்பான் குழுவில் இருந்தவர்கள் யார் தெரியுமா? பெரும்பாலோர் ஒஸாகா பக்கம் கைசூகா என்ற ஊரில், நிச்சிபோ நூற்பாலையில் வேலை பார்த்த பெண்கள். பகலில் ஆலை அலுவலகத்தில் வேலை. அது முடிந்ததும் பயிற்சி. நள்ளிரவு வரை கூட அது நீளும். பயிற்சியாளர் ஹிரோபுமி தைமாட்சு லேசுப்பட்டவர் அல்ல. எட்டாத இடமாகப் பார்த்துப் பந்தைப் போட்டுக்கொண்டே இருப்பார். அவர்கள் பாய்ந்து விழுந்து எடுக்க வேண்டும்.

இதில் ஒரு புது வித்தையும் பிறந்தது. பாய்ந்து பந்தை எடுத்தவள் தரையில் கிடக்காமல், தோளின் மேல் ஓர் உருட்டு உருண்டு, அதே வேகத்தில் எழுந்து நின்றுவிடுவாள். நம் தஞ்சாவூர் பொம்மையைச் சாய்த்துவிட்டால் தானே நிமிருமே, அது போல. ஜப்பானிலும் அப்படி ஒரு பொம்மை உண்டு. அதைப் பார்த்துத்தான் தைமாட்சுவுக்கு இந்த யோசனை வந்ததாம்.

1961ல் இவர்கள் ஐரோப்பாவுக்குப் போய், ஆடிய இடத்திலெல்லாம் ஜெயித்தார்கள். 'கீழ்த்திசைச் சூனியக்காரிகள்' என்ற பட்டப்பெயர் அப்போதுதான் ஒட்டிக்கொண்டது. மறு வருஷம் மாஸ்கோவில் சோவியத் பெண்களை அவர்கள் மண்ணிலேயே தோற்கடித்து உலகப் பட்டம் பெற்றார்கள்.

அத்தோடு விலகிக் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்றுதான் அவர்களில் பலர் நினைத்தார்கள். பெண்ணுக்கு இருபத்தைந்து தாண்டினால் 'இன்னுமா ஆகலை?' என்று கேட்கிற வழக்கம் அந்த ஊரிலும் இருந்தது. ஆனால் டோக்கியோவிலும் ஆட வேண்டும் என்று ஜனங்கள் கடிதம் கடிதமாக எழுதிக் குவித்தார்கள். இன்னும் இரண்டு வருஷம் கல்யாணப் பேச்சு தள்ளிப்போயிற்று. குழுத் தலைவி மசாயே கசாய்க்கு ஒலிம்பிக்கின் போது வயது 31.

நம் வீட்டுப் பெண்ணை ஒருவர் இப்படி வாட்டினால் நாம் சும்மா இருப்போமா? எனக்கு மனசு கேட்காது. இது என்ன கொடுமை என்று ஜப்பானிலேயே கேட்டவர்கள் உண்டு. 'நாங்கள் விரும்பித்தான் ஆடினோம்' என்று பிற்பாடு சொன்ன வீராங்கனைகளும் உண்டு. இரண்டையும் சேர்த்தே நினைத்துப் பார்க்கிறேன்.

1964 அக்டோபர் 23. கடைசி ஆட்டம் சோவியத் யூனியனோடு. டோக்கியோ வட்டாரத்தில் 100க்கு 66 வீடுகளுக்கு மேல் அதையே டெலிவிஷனில் பார்த்தார்களாம்! முதல் இரண்டு செட்டும் 15–11, 15–8 என்று ஜப்பானுக்கு. மூன்றாவதில் 14 வரை வந்தாயிற்று, அந்த ஒரு பாயிண்ட்தான் கிடைப்பேனா என்கிறது! சர்வீஸ் போடும் பக்கத்துக்கு மட்டும்தான் அப்போதெல்லாம் பாயிண்ட். எதிராளிகளோ 13க்கு வந்துவிட்டார்கள். கடைசியில் சோவியத் வீராங்கனை ஒருத்தியின் கை வலையைத் தாண்டிவிட்டது. ஃபவுல்! தங்கப் பதக்கம் ஜப்பானுக்கு.

மறு வருஷம் கசாய்க்குக் கல்யாணம். வரன் பார்க்க உதவியவர் யார் என்கிறீர்கள்? நாட்டின் பிரதமர் எய்சாகு சாட்டோ!

கதை இதோடு முடிந்திருந்தால் உங்களிடம் சொல்ல வந்திருக்க மாட்டேன். இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்தது. டெலிவிஷனில் பார்த்த இல்லத்தரசிகள், 'நாமும் ஆடினால் என்ன?' என்று பிள்ளைகளின் பள்ளிக்கூட மைதானங்களில் இறங்கினார்கள். முன்பே சில ஊர்களில் தாய்மார்கள் ஆடியதுண்டு. 1964க்குப் பிறகு அது ஊரெல்லாம் பரவிற்று. 'மாமா-சான் வாலிபால்' என்று அதற்குப் பெயர். நம் மாமா இல்லை, அம்மாவைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்! 1970ல் தாய்மார்களுக்கென்றே தேசியப் போட்டியும் தொடங்கியது. கசாயும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

அந்த ஆட்டத்தைத் தங்களுக்கு ஏற்றபடி அவர்கள் அமைத்துக்கொண்டதைப் பாருங்கள். ஒலிம்பிக்கில் பக்கத்துக்கு 6 பேர், இதில் 9 பேர். இடம் மாறி மாறி நிற்க வேண்டியதில்லை. குள்ளமானவள் பின்னால் நின்று எடுத்துக்கொடுத்தால் போதும். பெண்கள் சர்வதேசப் போட்டியில் வலையின் உயரம் 2.24 மீட்டர், இவர்களுக்கு 2.05தான். நள்ளிரவுப் பயிற்சி கிடையாது, அதட்டுகிற ஆளும் கிடையாது.

நமக்கு வலை கூட வேண்டாம். ஒரு கொடிக்கயிறும் லேசான பந்தும் போதும். மாடியிலோ தெருமுனை மைதானத்திலோ நாலு பேர் சேர்ந்து, வாரத்தில் இரண்டு நாள் அரை மணி ஆடலாம். மோதிரம், வளையலைக் கழற்றி வைத்துவிடுங்கள். பத்து நிமிஷம் நடந்து, தோளையும் முழங்காலையும் இளக்கிய பிறகே ஆரம்பியுங்கள்.

பிள்ளை பெற்று அதிக நாள் ஆகாதவர்கள் டாக்டரைக் கேட்காமல் குதிக்க வேண்டாம். குதிக்கும்போது சிறுநீர் கசிந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். பிரசவத்துக்குப் பின் பலருக்கும் வருவதுதான். இடுப்படித் தசைகளுக்கு நல்ல பயிற்சிகள் இருக்கின்றன, டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

'வீட்டு வேலை யார் பார்ப்பது?' என்று கேட்பார்கள். அரை மணி நேரம் அவர்களே பார்க்கட்டுமே!

என் சிநேகிதியிடமும் பேசிவிட்டேன். முதலில் சிரித்தாள். அப்புறம், "சர்வீஸ் மட்டும் நான்தான் போடுவேன்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நானும் பந்து பொறுக்கிப் போடப் போகிறேன்.