எதிரணி பேசும்போது எழுதியது என்ன?

ஒன்பதாம் வகுப்பு. ‘பள்ளிக்குள் கைப்பேசி வேண்டுமா, வேண்டாமா?’ என்று இரண்டு அணிகள். முதலில் எழுந்த மாணவி கணீரென்று தொடங்குகிறாள். ஏற்ற இறக்கம், இடையிடையே ஒரு குறள், கடைசியில் கைதட்டல். வீட்டில் எழுதி மனப்பாடம் செய்த பேச்சு, ஒரு சொல் பிசகவில்லை. எதிரணியில் கடைசியாக வந்த பையனுக்குக் குரலே எழும்பவில்லை. கையிலிருந்த துண்டுச்சீட்டைப் பார்த்து, “அவசரத்துக்கு வீட்டுக்குப் பேச போன் வேணும்னு ரெண்டாவதா பேசினவங்க சொன்னாங்க. அதுக்கு ஆபீஸ் ரூம் போன் போதுமே, மிஸ்?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறான்.

நம் பள்ளிகள் பலவற்றில் இப்படி நடந்தால் மாணவிக்குப் பத்துக்கு ஒன்பது கிடைக்கும், பையனுக்கு ஐந்து கிடைத்தாலே அதிகம். ஆனால் அந்த மேடையில் உண்மையில் விவாதம் செய்தவன் அவன்தான். எதிரணி சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டு, குறித்து வைத்து, பதில் சொல்லியிருக்கிறான்.

இந்தத் தவறுக்கு ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. தமிழ்நாட்டில் விவாதம் என்றதும் நினைவுக்கு வருவது பட்டிமன்றம். காரைக்குடி கம்பன் கழக மேடையிலிருந்து பண்டிகை நாள் தொலைக்காட்சி வரை அந்தக் கலை நம் காதில் ஊறியிருக்கிறது. அங்கே நடுவர் தலைப்புக்குத் தீர்ப்புச் சொல்வார். பேச்சாளர்களுக்கு மதிப்பெண் போடுவதில்லை. வகுப்பில் நிலைமை வேறு. அங்கே தீர்ப்பைவிட, ஒவ்வொரு பிள்ளையும் எதைக் கற்றது என்பதுதான் கேள்வி.

குரல் நன்றாக இருந்தால் கருத்தும் நன்றாக இருப்பதாகத் தோன்றுவது மனித இயல்பு. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் இதை 1920-லேயே எழுதிவிட்டார். ராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழே உள்ளவர்களின் உடல்வாகு, அறிவு, தலைமைப் பண்பு, குணம் ஆகியவற்றைத் தனித்தனியாகத்தான் மதிப்பிட்டார்கள். ஆனாலும் ஒன்றில் உயர்ந்த மதிப்பு வாங்கியவர் மற்றவற்றிலும் உயர்ந்தே நின்றார். ஒரு பண்பின் ஒளி மற்றவற்றின் மீதும் விழுந்துவிடுகிறது.

கருத்தையும் குரலையும் பிரித்து மதிப்பிட ஒரு முன்மாதிரி உண்டு. உலகப் பள்ளிகள் விவாதப் போட்டி 1988 முதல் நடக்கிறது. அதில் ஒரு பேச்சுக்கு 100 மதிப்பெண். கருத்துக்கு 40, பேசும் முறைக்கு 40, உத்திக்கு 20. எது முக்கியமான வாதம் என்று கண்டு அதற்கு நேரம் ஒதுக்குவது இந்த உத்தியில் அடங்கும். 8 நிமிடப் பேச்சில் முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் தவிர, எதிரணியினர் எழுந்து குறுக்குக் கேள்வி கேட்க முயலலாம். மனப்பாடத்தை மட்டும் நம்பி வந்தவர் அங்கே தடுமாறுவார்.

குழுவுக்கு ஒரே மதிப்பெண் போடுவதிலும் சிக்கல் உண்டு. பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸிமிலியன் ரிங்கெல்மன் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்துப் பார்த்தார். ஆள் கூடக்கூட ஒவ்வொருவர் போடும் பலமும் குறைந்தது. 1913-இல் அதை வெளியிட்டார். யார் எவ்வளவு செய்தார் என்பது தனியாகத் தெரியவந்தால் இந்த மந்தம் குறைகிறது என்று பின்னாளில் வந்த ஆய்வுகள் காட்டின. வகுப்பிலும் இதேதான். ஒருத்தி எழுதுவாள், ஒருவன் பேசுவான், மூன்று பேர் சார்ட் பேப்பரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஐந்து பேருக்கும் எட்டு மதிப்பெண். உழைத்த பிள்ளைக்கு இதைவிடப் பெரிய அநீதி வேண்டாம்.

2012-13 கல்வியாண்டில் தமிழ்நாட்டில் முப்பருவ முறை வந்தபோது 100 மதிப்பெண்ணில் 60 எழுத்துத் தேர்வுக்கும் 40 வளரறி மதிப்பீட்டுக்கும் போனது. அந்த 40-இல் பாதி செயல்பாடுகளுக்கானது. ஆக, விவாதத்துக்கு மதிப்பெண் போட இடம் இருந்தது. எதற்காகப் போடுகிறோம் என்பதைத்தான் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும்.

20 மதிப்பெண் என்று வைத்துக்கொண்டால், ஆதாரத்துக்கு 5, எதிர்வாதத்துக்கு 6, பேச்சுத் தெளிவுக்கு 4 என்று ஆளுக்கு 15 தரலாம். ஒருவர் விட்டதை அடுத்தவர் எடுத்துக்கொடுக்கும் ஒற்றுமைக்காக அணிக்கு 5. இந்த அட்டவணை ஒரு வாரம் முன்பே கரும்பலகையில் இருக்கட்டும். எதிரணி பேசும்போது எழுதிய குறிப்புத் தாளை ஒவ்வொருவரும் பெயரோடு ஒப்படைக்கட்டும். கூச்சத்தால் குரல் எழும்பாத பிள்ளையின் உழைப்பு அந்தத் தாளில் தெரிந்துவிடும்.

கேட்டுக்கொண்டிருக்கும் மற்ற மாணவர்களுக்கும் வேலை வேண்டும். தொடங்குவதற்கு முன் ஒருமுறை, முடிந்த பின் ஒருமுறை கை தூக்கவைத்து, எந்தப் பக்கம் ஆள் கூடியது என்று பார்ப்பது ஆக்ஸ்போர்டு பாணி. மனம் மாறியவர்கள் எந்த வாதத்தால் மாறினோம் என்று ஒரு வரி எழுதித்தரலாம்.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயம்தான். 45 நிமிடப் பாடவேளையில் மூவர் அணி இரண்டு, ஆளுக்கு 4 நிமிடம் என்றால் பேச்சு 24 நிமிடத்தில் முடியும். மீதி 21 நிமிடத்தில் வாக்கெடுப்பை நடத்தி, குறிப்புத் தாள்களை வாங்கி, ஆறு பேருக்கும் ஆளுக்கொரு நிமிடம் நிறைகுறை சொல்லலாம். ஆண்டுவிழா மேடை வரை காத்திருக்காமல், மாதம் ஒருமுறை வகுப்பறையிலேயே இதை நடத்திவிட முடியும்.