விளையாட்டுச் சந்தைக்கும் வடிகால் வேண்டும்

– இரண்டாமாண்டு பி.எஸ்சி. மாணவன்

விளையாட்டு வினையாகும் என்பர் நம் பெரியோர். இராயபுரத்தில் எங்கள் விளையாட்டு வினையான கதையையும், அதில் நான் கண்ட ஓர் உண்மையையும் இம்மலரில் முன்வைக்க விரும்புகிறேன்.

பலர் கூடி ஆடும் கணினி விளையாட்டை நண்பர்கள் அறிவீர்கள். அந்த உலகத்தைத் தாங்கி நிற்கும் கணினிக்குச் சர்வர் என்று பெயர். (ஓட்டலில் இட்லி கொண்டு வருபவர் அல்லர்!) சில சர்வர்களில் பொருள் செய்வதும், விலை வைப்பதும், வாங்குவதும் ஆடுவோரே. பார்த்தால் நம் ஊர்ச் சந்தைதான். ஆனால் நம் ரூபாயைக் கட்டுப்படுத்த ரிசர்வ் வங்கி உண்டு. அங்கோ அரக்கனைக் கொன்றால் பொற்காசு, சுரங்கத்தைத் தோண்டினால் வைரம். ஆடுகிற ஒவ்வொருவரும் ஒரு நாணயச்சாலை!

வரத்து மட்டும் இருந்து கலிங்கு இல்லாத குளத்தின் கரை என்ன ஆகும்? 1997-இல் வந்த 'அல்டிமா ஆன்லைன்' இதை அனுபவித்தது. முதலில் மூலப்பொருளை அளவோடு வைத்தார்கள். ஆடுவோர் பதுக்கினார்கள்; பஞ்சம் வந்தது. பிறகு திறந்து விட்டார்கள், பொற்காசு மதிப்பிழந்தது.

2003-இல் ஐஸ்லாந்து நாட்டவர் வெளியிட்ட 'ஈவ் ஆன்லைன்' வேறு வழி கண்டது. விற்பனை வரியும் தரகுக் கட்டணமும் காசை வடிக்கின்றன. போரில் நொறுங்கும் கப்பல்கள், புதுக் கப்பல் கட்டுவோருக்கு வேலை தருகின்றன. இச்சந்தையைக் கவனிக்கவே 2007-இல் எயோல்பர் குட்மண்ட்சன் என்ற பொருளாதார அறிஞரை அந்நிறுவனம் அமர்த்தியது. அவர் 2014-இல் ஒரு பல்கலைக்கழகத்தின் தலைவரானார். விளையாட்டுதானே என்று சிரிப்பவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

கட்டுப்பாடு மிஞ்சினாலும் கேடுதான். விளையாட்டுக் காசை வெளியே உண்மைப் பணத்துக்கு விற்பதைத் தடுக்க, 'ரூன்ஸ்கேப்' 2008 தொடக்கத்தில் தாராளக் கொடுக்கல் வாங்கலையே முடக்கியது. ஆடுவோர் கசந்தனர். 2011-இல் அதை மீண்டும் அனுமதிக்க வேண்டியதாயிற்று.

இனி எங்கள் கதை. கோடை விடுமுறையில் எட்டுப் பேர் சேர்ந்து, ஒரு நண்பன் வீட்டுப் பழைய கணினியில் சர்வர் அமைத்தோம். வைரமே நாணயம், நிர்வாகி நான். நிரலில் இருந்த ஒரு ஓட்டையைக் கண்டுகொண்ட ஒருவன், ஒரு வைரத்தை இரண்டாக்கினான். எனக்குத் தெரியும். நண்பனாயிற்றே என்று வாய் மூடி இருந்தேன். ஒரே வாரத்தில், ஒரு வைரத்துக்கு விற்ற ரொட்டி நாற்பதாயிற்று. புதிதாகச் சேர்ந்த பக்கத்துத் தெருத் தம்பி, "ரெண்டு நாளாத் தோண்டியும் ஒரு ரொட்டி வாங்க முடியலீங்ணா" என்றான். மறுநாள் அவன் வரவில்லை. முடிவில் எல்லாக் கணக்கையும் அழித்தேன். நேர்மையாய்ச் சேர்த்தவர்களும் இழந்தார்கள். சந்தையோடு நட்பும் கலைந்தது.

நூல் விலை உயர்வை எதிர்த்து 2022 மே மாதம் நம் திருப்பூரில் இரண்டு நாள் வேலைநிறுத்தம் நடந்தது. இங்கே விலை தாங்காதவர் கூடி நின்று கேட்கிறார். விளையாட்டில் விலை தாங்காதவன் சத்தமில்லாமல் போய்விடுகிறான். நிர்வாகிக்குக் கடைசியில்தான் தெரிகிறது.

"சந்தையை அதன் போக்கில் விடு" என்று சில நண்பர்கள் வாதிடலாம். எல்லோரும் ஒரே நாளில் தொடங்கினால் அது சரி. முன்னே வந்தவன் மூட்டை கட்டி வைத்திருக்க, பின்னே வந்தவன் வெறுங்கையோடு நிற்கிறான். அது போட்டியாகுமா? எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். பின்னே வந்தவனின் நிலை எனக்குப் புரியாமல் போனதே என்பதுதான் என் வருத்தம்.

ஆகவே சர்வர் நடத்த விரும்பும் தோழர்களே! காசு வரும் வழியைத் திறக்கும் அன்றே அது போகும் வழியையும் திறந்து வையுங்கள். விதியை எல்லோருக்கும் முன்கூட்டிச் சொல்லுங்கள். நண்பனுக்கென்று வேறு விதி வேண்டாம். நேற்று வந்தவன் இன்று ஒரு ரொட்டி வாங்க முடிகிறதா என்று நாள்தோறும் பாருங்கள். அவன் வாங்க முடிகிற வரையில்தான் அது சந்தை.