செவியை விற்று இசை வாங்குவதோ?

ஜொகூர் பாரு நகரம் கதிரவன் எழுமுன்னரே எழுந்துவிடும் நகரம். 1924ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்வோரும், பாசிர் கூடாங் தொழிற்பேட்டைக்கு விரைவோரும் விடியற்காலைப் பேருந்துகளில் நிறைந்து வழிகின்றனர். அமர்ந்திருப்பவர், கம்பியைப் பற்றி நிற்பவர் என எவரை நோக்கினும் அவர்தம் காதில் ஒரு ஹெட்போன். சிலர் காதிலிருந்து கசியும் தாள ஓசை அடுத்த இருக்கை வரை கேட்கிறது. இசையில் திளைக்கும் சமுதாயம் இது என்று கண்டு மகிழ்வோர் உளர். மகிழுமுன் ஒரு வினாவுக்கு விடை காணல் வேண்டும். காதுக்குள் இத்துணை உரக்க ஒலிப்பது இசையா? அன்றி, இசையின் பெயரால் விற்கப்படும் இரைச்சலா?

ஹெட்போன் இசைக்கெனப் பிறந்ததன்று. 1910இல் நத்தானியேல் பால்ட்வின் என்பார் அதனை அமெரிக்கக் கடற்படைக்குச் செய்தளித்தபோது, கம்பியில்லாத் தந்தியின் மெல்லிய ஒலியைப் பிடிப்பதே அதன் பணியாக இருந்தது. 1958இல் ஜான் காஸ் அதனை இருதிசை ஒலியில் இசை கேட்பதற்குரிய கருவியாக்கினார். 1979இல் சோனி நிறுவனத்தின் வாக்மன் அதனை வீட்டிலிருந்து வீதிக்கு அழைத்து வந்தது. அன்று தொடங்கிய பயணம் இன்று ஒவ்வொரு மாணவன் பையிலும் வந்து நிற்கிறது. கருவி வந்துவிட்டது, அதனைத் தேர்ந்தெடுக்கும் அறிவு வந்ததா? இல்லை என்பதே கசப்பான உண்மை.

இன்று ஹெட்போன் எவ்வாறு வாங்கப்படுகிறது? பெட்டியின் மேல் உள்ள பெயரைப் பார்த்து, நிறத்தைப் பார்த்து, நண்பன் அணிந்திருப்பதைப் பார்த்து. கண் தேர்ந்தெடுக்கிறது, காது தண்டனை பெறுகிறது. கடைக்காரரிடம் இளைஞர் கேட்கும் முதற் கேள்வி, "பேஸ் நன்றாக அதிருமா?" என்பதே. பெட்டியிலோ '5 முதல் 40,000 ஹெர்ட்ஸ்' என்று பெருமிதத்தோடு அச்சிடப்பட்டிருக்கும். மனிதச் செவியின் எல்லையே ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான். அகவை ஏற ஏற மேலெல்லை குறையவும் செய்யும். அந்த எல்லைக்குள் எந்த ஒலியை மிகுத்து, எந்த ஒலியைக் குறைத்துக் கருவி ஒலிக்கிறது என்பதைப் பெட்டி சொல்வதில்லை. கேளாத ஒலிக்கு விலை கொடுத்துவிட்டுக் கேட்கவேண்டிய ஒலியை இழப்பது எவ்வகை வாணிகம்?

தமிழர்க்கு இவ்விழப்பு இரட்டிப்பு இழிவு. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை வகுப்பில் நடத்தாத தமிழாசிரியர் இரார். ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என ஒவ்வொருவர்க்கும் உரிய தகுதியை இளங்கோவடிகள் வரையறுத்தார். அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல் என அளந்து காட்டினார். கலை நிகழும் இடத்தையும் அளந்து அமைத்த மரபு அது. இன்று அந்த அரங்கு சுருங்கிச் சுருங்கி இரு காதுகளுக்கும் இடையே வந்து நிற்கிறது. ஹெட்போன்தான் இக்காலத் தமிழ் மாணவனின் அரங்கு. அதனை மட்டும் அளவின்றி, ஆய்வின்றி, விளம்பரத்தின் கையில் ஒப்படைப்பது அம்மரபுக்கு அடுக்குமா?

மிருதங்கத்தையே எடுத்துக்கொள்க. அதன் வலந்தலையில் இடப்படும் கரணை வெறும் கருமைப் பூச்சன்று. அதனால்தான் அத்தோல் மற்றத் தோற்கருவிகளைப் போல வெறும் ஓசை எழுப்பாமல், சுருதியோடு இயைந்த மேலொலிகளை எழுப்புகிறது. இதனை அறிவியல் முறையில் ஆராய்ந்து 1920இல் 'நேச்சர்' இதழில் கட்டுரை வெளியிட்டவருள் ஒருவர் தமிழகம் ஈன்ற சர் சி. வி. இராமன் ஆவார். நுண்ணிய இந்த மேலொலிகளைத் தாழ்ந்த ஒலி மிகும்போது செவி இழந்துவிடுகிறது. வலிய தாழொலி மெல்லிய உயரொலியை மறைக்கும் என்பது செவியின் இயல்பு. 'பேஸ்' மிகுந்த ஹெட்போனில் தொப்பியின் அதிர்வு மட்டும் காதை அறைகிறது. வலந்தலையின் சொற்கட்டு மங்கிவிடுகிறது. தம்புராவின் இழை அறுந்துபோகிறது. வித்துவான் பல்லாண்டு பயின்று பெற்ற விரல் நுட்பத்தை ஒரு கருவி ஒரு நொடியில் விழுங்கிவிடுகிறது. கேட்பவரோ, "ஆகா, என்ன அதிர்வு!" என்கிறார்.

இசையோடு மொழியும் சேர்ந்து மங்குகிறது. லகர, ளகர, ழகரங்களைப் பிரித்துக் காட்டும் ஒலிக்கூறுகள் பெரிதும் ஏறத்தாழ 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையிலான இடைப்பகுதியில் அமைந்துள்ளன. அப்பகுதியை அமுக்கிவிட்டுத் தாழொலியை ஊதிப் பெருக்கும் கருவியில் 'வாழை'யும் 'வாளை'யும் ஒன்றாகக் கரையத் தொடங்கும். மாணவர்க்கு ழகரம் வரவில்லை என்று வருந்தாத ஆசிரியர் எவருமிலர். ழகரம் நாவில் வருமுன் செவியில் விழவேண்டும் அன்றோ? மலேசியத் தமிழ்ப்பள்ளிக் கலைத்திட்டம் கேட்டல், பேச்சுத் திறனுக்குத் தனியிடம் தந்துள்ளது. 2020, 2021ஆம் ஆண்டுகளில் பெருந்தொற்றுக் காலத்தே பள்ளிகள் மூடப்பட்டபோது, பல்லாயிரம் பிள்ளைகள் ஆசிரியர் குரலைக் காதுக்கருவி வழியே கேட்டனர். அக்கருவி எத்தகையது என்று அன்று வினவியோர் எத்தனை பேர்?

இனி, இதனினும் கொடிய ஒன்றுண்டு. 2019ஆம் ஆண்டின் மலேசியத் தொழிலிட இரைச்சல் விதிமுறைகள், ஊழியர் ஒருவர் நாளொன்றுக்கு ஏற்கும் இரைச்சல் 85 டெசிபலைத் தாண்டலாகாது என வரையறுக்கின்றன. 82 டெசிபலைத் தாண்டினாலே அது மிகை இரைச்சல். பாசிர் கூடாங் ஆலையில் பணிபுரியும் இளைஞனின் செவியைச் சட்டம் எட்டு மணி நேரம் காக்கிறது. ஆலைக்கு வெளியே வந்ததும் அவன் பேருந்தின் இரைச்சலை வெல்லப் பாட்டின் ஒலியை 94 டெசிபல் வரை உயர்த்துகிறான் எனக் கொள்வோம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் தாங்கும் நேரம் பாதியாகிறது: 88க்கு நான்கு மணி, 91க்கு இரண்டு மணி, 94க்கு ஒரே மணி. போகும்போது ஒரு மணி, வரும்போது ஒரு மணி எனில், ஆலை செய்யாத கேட்டை அவன் தானே விலை கொடுத்து வாங்கிச் செய்துகொள்கிறான். உட்செவியின் மயிரிழை உயிரணுக்கள் மனிதர்க்கு மீண்டும் முளைப்பதில்லை. பழுது பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயரொலியில் தொடங்குவதால், இழப்பு நெடுநாள் புலப்படுவதுமில்லை. உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2018இல் வகுத்த நெறி, பெரியோர்க்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் எனவும், சிறார்க்கு 75 டெசிபலில் 40 மணி நேரம் எனவும் எல்லை காட்டுகிறது.

"எங்கள் காலத்தில் இவையெல்லாம் ஏது? தோட்டத்து லயத்து வீட்டில் ஒரே வானொலிப் பெட்டி; அதிலேயே பாட்டுக் கேட்டு வளர்ந்தோம்" என்பர் பெரியோர். உண்மை. குளுவாங்கிலும் லாபிசிலும் கூலாயிலும் மலேசிய வானொலியின் தமிழ்ப் பிரிவை அவ்வாறு கேட்டு வளர்ந்த தலைமுறை ஒன்றுண்டு. ஆனால் அந்தப் பெட்டி கூடத்தின் மூலையில் இருந்தது, காதுக்குள் இல்லை. ஒலி மிகுந்தால் அம்மா அதட்டுவார். அடுத்த வீட்டார் குரல் கொடுப்பர். ஹெட்போனுக்குள் அதட்ட எவருமிலர். பழைய பெட்டியின் கரகரப்பு இசையைக் குறைத்ததேயன்றிச் செவியைக் கெடுத்ததில்லை. ஆதலின் அந்நாளைக் காட்டி இந்நாளின் கவலையைத் தள்ளுதல் பொருந்தாது.

"நல்ல கருவி பணக்காரர்க்கே, ஏழை மாணவன் என் செய்வான்?" என்பது அடுத்த தடை. இதுவும் விளம்பரம் விதைத்த மயக்கமே. 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு 283 ஹெட்போன்களின் ஒலிப்பண்பை அளந்து பார்த்து, விலைக்கும் அவ்வொலிப்பண்புக்கும் தொடர்பில்லை எனக் கண்டது. விலை உயர்வது பெயருக்கும் பொலிவுக்குமாக இருக்கலாம். இசைக்காக என்று எவரும் உறுதி கூற இயலாது. ஆராய்ந்து வாங்கும் ஏழை, ஆராயாது வாங்கும் செல்வரினும் நல்லிசை கேட்பான்.

ஆராய்தல் என்பது யாது? முதலாவது, கேட்கும் இடம். பேருந்திலும் தொடர்வண்டியிலும் கேட்போர்க்குக் காதை நன்கு மூடும் கருவியே வேண்டும். புறவிரைச்சல் தடைபட்டால் ஒலியை உயர்த்தத் தேவையில்லை. இரைச்சலை எதிரொலியால் தணிக்கும் கருவிகளின் பயனும் இதுவே. 1978இல் வானூர்திப் பயணத்தில் அவ்வெண்ணத்தை வளர்த்த அமர் போஸ், வங்கத்திலிருந்து அமெரிக்கா சென்றவரின் மைந்தர். அமைதியான அறையில் கேட்போர் முதுகு திறந்த ஹெட்போனைக் கொள்ளலாம். குரல் அதில் இயல்பாக விரியும். அதனைப் பேருந்தில் அணிதல் பேதைமை. சாலையில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர்க்கோ எக்கருவியும் ஆகாது.

இரண்டாவது, பொருத்தம். காதுக்குள் செருகும் வகையாயின் அதனோடு வரும் சிறிய, பெரிய இரப்பர் முனைகளை மாற்றிப் பார்த்தல் வேண்டும். சரியாகப் பொருந்தாத முனையில் தாழொலி கசிந்துவிடும். அதனை ஈடு செய்யவே பலர் ஒலியைக் கூட்டுகின்றனர். குறை கருவியில் இல்லை, பொருத்தத்தில். மூன்றாவது, மின்தடை. 250 ஓம், 300 ஓம் என்றுள்ள ஒலிக்கூடக் கருவியைக் கைப்பேசியில் செருகினால் ஒலி சோர்ந்து நிற்கலாம். கைப்பேசிக்கு 16, 32 ஓம் அளவினவே பெரும்பாலும் ஏற்றவை.

நான்காவதும் தலையாயதும், செவியின் சோதனை. நெஞ்சில் பதிந்த பாடல்கள் மூன்றைக் கொண்டு கடைக்குச் செல்க. தம்புராவோடு தனிக்குரல் ஒன்று. நாதசுரமும் தவிலும் ஒன்று. பழைய திரைப்பாடல் ஒன்று. குறைந்த ஒலியில் கேட்க. பாடகர் மூச்சு வாங்குவது கேட்கிறதா? தவிலின் இரு முகங்களும் பிரிந்து ஒலிக்கின்றனவா? ழகரம் ழகரமாகவே விழுகிறதா? மூன்றுக்கும் ஆம் எனில் அதுவே வாங்கத்தக்கது. உரக்க வைத்தால்தான் இனிக்கிறது எனின், அதனைக் கடையிலேயே விட்டு வருக.

இது தொழில்நுட்பம், தமிழாசிரியர் பணியன்று என்று ஒதுங்குவோர் திருக்குறளில் 'கேள்வி' என்றோர் அதிகாரமே உண்டென்பதை மறந்தவராவர். செவிக்கு அத்துணை உயர்வு தந்த மொழியைக் கற்பிப்போர், அச்செவி கெடுவதைக் கண்டும் வாளா இருத்தல் தகுமா? வகுப்பில் ஒரு பாடவேளை போதும்: ஒரே பாடலை இரு கருவிகளில் கேட்பிக்கலாம், வேறுபாட்டை மாணவரே எழுதட்டும். அது மொழிப்பாடமும் ஆகும், இசைப்பாடமும் ஆகும், உடல்நலப் பாடமும் ஆகும்.

பழுதான கருவியை மாற்றலாம்; வேறொன்று வாங்கலாம். செவிக்கு மாற்றுச் செவி எந்தக் கடையிலும் இல்லை. ஆதலின் மாணவன் பெட்டியின் பெயரை நம்பாது தன் செவியை நம்பிக் கருவியைத் தேர்க. செவியை விற்று இசை வாங்குவோர்க்கு இறுதியில் எஞ்சுவது இசையுமன்று, செவியுமன்று.