குளிர்ப்பெட்டி யாருடையது?

ஐஸ்கிரீமைப் பற்றி எழுதவா ஒரு நாவலாசிரியன் பேனாவை எடுத்தான் என்று வாசகர்களில் சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். தெருவுக்கு உள்ளூர்க்காரர் கடை வேண்டுமா, கம்பெனிக் கடை வேண்டுமா என்ற கேள்வியில் நாக்கு மட்டும் சம்பந்தப்பட்டிருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன்.

கம்பெனிச் சரக்கு சுத்தமானது, எங்கே வாங்கினாலும் ஒரே ருசி என்கிறார்கள். சுத்தம் சரி; அழுக்குத் தண்ணீரில் ஐஸ் போடுகிறவருக்காக நான் வாதாட வரவில்லை. ஒரே ருசி என்பதுதான் என் வழக்கே! போடிநாயக்கனூர் ஏலத்தை ஏலம் போட்டு விற்கிற ஊர். பொழுது விடிந்ததும் ஜீப்பில் போடி மெட்டு ஏறிப் போகும் பெண்கள் பறித்த காயை, மில்லிமீட்டர் கணக்குப் பார்த்துச் சலித்துத் தரம் பிரிக்கிறார்கள். அந்த ஊர்க் குழந்தை கடையில் போய் என்ன கேட்கிறது? வெனிலா! மெக்ஸிகோ நாட்டுக் கொடியின் வாசனை. அதுவும் பெரும்பாலும் ரசாயனச் சாலையில் பிறந்தது.

உள்ளூரில் ஒருவர் நல்ல பாலும் நல்ல ஏலக்காயும் போட்டு ஐஸ்கிரீம் செய்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். அதை எங்கே வைத்து விற்பார்? பெட்டிக்கடையில் நிற்கும் குளிர்ப்பெட்டி கம்பெனி கொடுத்தது. அதில் கம்பெனிச் சரக்கைத் தவிர வேறு வைக்கக்கூடாது என்பது இந்த வியாபாரத்தில் ஊறிப்போன நிபந்தனை. சின்னக் கடையில் இரண்டாவது பெட்டிக்கு இடமேது?

இது என் கற்பனை அல்ல. அயர்லாந்தில் யூனிலீவரைச் சேர்ந்த ஹெச்.பி. கம்பெனி இப்படித்தான் கடைகளுக்குப் பெட்டி கொடுத்தது. அது முறையல்ல என்று ஐரோப்பிய ஆணையம் 1998-இல் தீர்ப்புச் சொன்னது. 2003-இல் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. புகார் கொடுத்தது யார் தெரியுமா? மார்ஸ்! அந்த ராட்சதனுக்கே பெட்டியில் இடம் கிடைக்கவில்லையென்றால், போடிக்காரர் எம்மாத்திரம்?

அருண் ஐஸ்கிரீமும் 1970-இல் ராயபுரத்தில் 13,000 ரூபாய் முதலோடு ஆரம்பித்ததுதானே என்று கேட்பீர்கள். வாஸ்தவம்தான். சென்னையில் பெரிய கம்பெனிகளோடு மோத முடியாமல் அது சின்ன ஊர்களைத் தேடிப் போய் வளர்ந்தது. அன்று சின்ன ஊர்களில் இடம் காலியாக இருந்தது. இன்று அதே போன்ற சொற்ப முதலோடு புறப்படுகிறவர் எந்த ஊருக்குப் போவார்?

இதையெல்லாம் சொல்வதால் 'நம்ம ஊர் ஆசாமி' என்ற ஒரே தகுதிக்கு நான் காசு கொடுப்பதாக இல்லை. ஐஸ்கிரீம் என்று பெயர் வைத்தால் நூற்றுக்குப் பத்துப் பங்காவது பால் கொழுப்பு இருக்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். பச்சைச் சாயமும் எஸென்ஸும் கலந்து ஏலக்காய் ஐஸ்கிரீம் என்று விற்கும் உள்ளூர்க்காரர், ஏலமலையடியில் உட்கார்ந்துகொண்டு அந்த மலையையே ஏமாற்றுகிறார்.

சொந்தக் காசில், பழைய பெட்டியானாலும் ஒன்று வாங்கி வைத்திருக்கும் கடைக்குப் போங்கள். ஏலக்காய் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், போடியில் ஏன் இல்லை என்று சண்டை போடுங்கள்.